பவளத்துண்டின் சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது?

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பவளத்துண்டு, பிளக் எனப்படும் சிறு பீங்கான் அடித்தளத்தின் மேல் பசையால் ஒட்டப்பட்டு, நீர் நிரம்பிய பையில் கைக்கு வந்து சேர்கிறது. ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் ஃப்ராக் என்று அழைக்கும் அந்தத் துண்டை மருந்துக் கரைசலில் முக்கியெடுத்து, ரேக்கில் இடம் பார்த்து வைத்த பிறகு, குறிப்பேட்டைத் திறந்ததும் எழும் முதல் கேள்வி இதற்கு என்ன பெயர் எழுதுவது என்பதுதான். கொடுத்தவர் சொன்ன வணிகப் பெயரை அப்படியே எழுதலாம். 'சுத்தியல் பவளம்' என்பதுபோன்ற வழக்குப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். நூல்களைப் புரட்டி, பேரினமும் இனமும் சேர்ந்த இருசொல் அறிவியல் பெயரைக் கண்டறிய முயலலாம். அல்லது பேரினத்தோடு நின்று, துண்டுக்கு நம் கையால் ஒரு பதிவு எண் கொடுக்கலாம். நான்கு முறைகளையும் நான் வெவ்வேறு காலங்களில் கையாண்டிருக்கிறேன். இப்போது நான்காவதில் நிற்கிறேன். ஆயினும் மற்ற மூன்றையும் ஒதுக்கிவிடவில்லை; ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் தனி இடம் கொடுத்திருக்கிறேன். அந்த இடம் எது என்பதைத்தான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன், பெயரிடம் நாம் எதிர்பார்க்கும் வேலைகள் எவை என்று பார்க்க வேண்டும். துண்டை எவ்வளவு ஒளியில், எவ்வளவு நீரோட்டத்தில் வைப்பது என்று பெயர் சொல்ல வேண்டும். பக்கத்தில் எதை வைக்கலாம், கையில் எடுக்கும்போது எச்சரிக்கை தேவையா என்றும் சொல்ல வேண்டும். நம்மிடம் உள்ளது பட்டுப்போனால், அதே பவளத்தின் இன்னொரு துண்டு யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போக உதவ வேண்டும். ஒரே பெயர் இவை அனைத்தையும் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

இருசொல் பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் பலரும் முதலில் நாடுவது அதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கார்டன் வாலஸ் 1999இல் அக்ரோபோரா என்ற கல்பவளப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து ஒரு பெருநூல் வெளியிட்டார். வெரான் 2000இல் உலகப் பவளங்களை மூன்று தொகுதிகளில் படங்களோடு தொகுத்தார். இத்தகைய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு துண்டின் முன் உட்கார்ந்தால், விரைவிலேயே வழி அடைபட்டுவிடுகிறது. காலனியின் முழு வடிவம் எது, மேசைபோல் விரிந்ததா, மான்கொம்புபோல் கிளைத்ததா, பூங்கொத்துபோல் குவிந்ததா என்பதைத் தெரிந்துகொண்டே அவற்றின் விளக்கங்களுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் துண்டுக்குக் காலனி வடிவம் என்று எதுவும் கிடையாது. அடுத்ததாக அது எந்தக் கடலில், எந்தத் தீவுக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். பல கைகள் மாறி வந்த துண்டில் அந்தச் செய்தி பெரும்பாலும் தொலைந்து போயிருக்கும். மூன்றாவதாகச் சுண்ணக்கூட்டைப் பார்க்க வேண்டும். கோரலைட் என்பது ஒவ்வொரு பாலிப்பும், அதாவது தனிப் பவள உயிரியும், அமர்ந்திருக்கும் சுண்ணக் கிண்ணம். கிளையின் நுனியில் உள்ள அச்சுக் கோரலைட்டின் விட்டம், பக்கவாட்டுக் கோரலைட்டுகள் குழாய்போல் நீண்டிருக்கின்றனவா, மூக்குபோல் வளைந்திருக்கின்றனவா, கிளையோடு ஒட்டிக் கிடக்கின்றனவா என்பவையெல்லாம் உயிர்த்தசை மூடியிருக்கும்வரை தெளிவாகத் தெரிவதில்லை. தசையை நீக்கிப் பார்க்க ஒரு கிளையை வெட்டி பிளீச்சில் ஊறவைக்க வேண்டும். வளர்க்க வாங்கியதே ஒரு கிளைதான் என்றிருக்கும்போது அதை யார் செய்வார்கள்?

இதோடு வடிவமும் நிலையாக நிற்பதில்லை. ஒரே தாய்க் காலனியிலிருந்து வெட்டிய இரண்டு அக்ரோபோரா துண்டுகளை நான் ஒரே நாளில் ஒரே தொட்டியில் வைத்தேன். ஒன்று விளக்கின் நேர் அடியில், பம்பின் நீரோட்டம் அலைபோல் வந்து மோதும் இடத்தில் இருந்தது. மற்றொன்று பாறை மறைப்பின் ஓரத்தில், ஒளியும் ஓட்டமும் குறைந்த மூலையில். பத்து மாதம் கழித்து முதலாவது, தடித்த குட்டைக் கிளைகள் நெருங்கி நிற்க, நுனிகள் நீலமாக இருந்தது. இரண்டாவது, மெலிந்து நீண்ட கிளைகள் இடைவெளி விட்டு நிற்க, காய்ந்த சருகின் பழுப்பு நிறத்தில் இருந்தது. பவளங்களில் நல்ல பயிற்சி உள்ள ஒரு நண்பரிடம் எதையும் சொல்லாமல் இரண்டையும் காட்டியபோது, அவர் இரண்டு வெவ்வேறு இனப்பெயர்களைச் சொன்னார். அவரிடம் குறை இல்லை. பார்த்த வடிவத்துக்கு அவர் சொன்ன பெயர்கள் பொருந்தவே செய்தன. அந்த நாளுக்குப் பிறகு, துண்டைக் கண்ணால் பார்த்து இனப்பெயர் எழுதும் பழக்கத்தை நான் கைவிட்டேன்.

நூற்பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வு வளர்வதன் அடையாளம் அது. நெடுங்காலம் ஸ்கோலிமியா ஆஸ்ட்ராலிஸ் என்று அறியப்பட்ட பவளம் இப்போது ஹோமோஃபிலியா ஆஸ்ட்ராலிஸ். வளர்ப்பாளர்கள் இன்றும் 'அகான்' என்று சுருக்கிச் சொல்லும் பவளம் 2016இல் அகாந்தாஸ்ட்ரியாவை விட்டு மைக்ரோமுஸ்ஸா லார்டுஹோவென்சிஸ் ஆயிற்று. பசிபிக் பகுதியின் ஃபேவியாக்கள் டிப்சாஸ்ட்ரியாவுக்குச் சென்றுவிட்டன. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது அக்ரோபோரா டெனுயிஸின் கதை. இந்த ஒரே பெயரின்கீழ்ப் பல இனங்கள் கலந்து கிடந்தன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் டெனுயிஸ் என்று பல்லாண்டு ஆராயப்பட்டது உண்மையில் அக்ரோபோரா கென்டி என்று தெரிந்தது. கடலில் ஊர் தெரிந்து எடுத்த மாதிரிகளின் நிலையே இதுவென்றால், ஊர் தெரியாத தொட்டித் துண்டின் மேல் 'டெனுயிஸ்' என்று உறுதியாக எழுதுவதற்கு நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

மரபணுச் சோதனை இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஓரளவுக்குத்தான் தீர்க்கும். மற்ற விலங்குகளை இனம் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணு, பவளங்களில் மிக மெதுவாக மாறுவதால், நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை. போசிலோபோரா என்ற பேரினத்துக்கு வேறொரு மைட்டோகாண்ட்ரியப் பகுதி நன்றாக உதவுகிறது. அக்ரோபோராவிலோ இனக்கலப்பும் உண்டு. கரீபியக் கடலின் அக்ரோபோரா புரோலிஃபெரா, அதே பேரினத்தின் பால்மேட்டா, செர்விகார்னிஸ் என்ற இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது. வீட்டில் தொட்டி வைத்திருப்பவர் சீட்டு எழுத இந்த வழியில் போகத் தேவையில்லை.

வணிகப் பெயர்களைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இனப்பெயரால் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்யக்கூடியது. பவளத்துண்டு என்பது ஒரே உயிரின் படி. ஒரு காலனியிலிருந்து நூறு துண்டுகள் வெட்டினாலும் மரபளவில் அவை ஒன்றே. 'ஆரிகன் டார்ட்' என்று ஒருவர் சொல்லும்போது, டார்ட்டுவோசா என்ற இனப்பெயரின் சுருக்கம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவர் குறிப்பது ஒரு குறிப்பிட்ட தாய்க் காலனியின் வழியைத்தான். அந்த வழி அறுபடாமல் வந்திருக்குமானால், அது எந்த ஒளியில் எந்த நிறம் காட்டும், எவ்வளவு வேகமாக வளரும் என்று முன்பு வளர்த்தவர்களின் அனுபவம் முழுவதும் அந்தப் பெயரோடு நம் கைக்கு வருகிறது. இது சிறிய பயன் அல்ல.

வழி அறுபடவில்லை என்பதை யார் உறுதி செய்வது என்பதுதான் சிக்கல். தோட்டச் செடிகளின் வளர்ப்பு வகைகளுக்குப் பெயரிட 1953 முதல் ஒரு பன்னாட்டு விதிநூல் இருக்கிறது. செடி வகைகளுக்குப் பதிவு செய்யும் அமைப்புகளும் உள்ளன. பவளங்களுக்கு அப்படிப்பட்ட பதிவேடு எதுவும் இல்லை. எனவே நிறத்தைப் பார்த்து, 'இது அதுபோல் இருக்கிறது' என்று பெயரை ஒட்டவைப்பதை யாரும் தடுக்க முடியாது. பவளத்தில் நிறத்தை நம்புவதோ ஆபத்தானது. தசைக்குள் வாழும் ஒருசெல் பாசிகள் பெருகினால், அதாவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினாலோ ஒளி குறைந்தாலோ, பளிச்சென்ற துண்டும் பழுப்பாகிவிடும். மறுபுறம், 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை மட்டும் பாய்ச்சினால், தசையிலுள்ள ஒளிர்புரதங்கள் அதை உறிஞ்சிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி உமிழ்வதால், சாதாரணத் துண்டும் மணிபோல் மின்னும். கேமராவின் முன் ஆரஞ்சு வடிகட்டியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நீல ஒளியில் எடுத்த படத்தைப் பார்த்து வாங்கிய ஒரு மான்டிபோரா என் தொட்டியின் வெண்ணொளியில் வெறும் சாம்பல் கலந்த பச்சையாக நின்றது. விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. அவருடைய விளக்கின்கீழ் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

சுண்ணக்கூடு இல்லாமல் கூட்டமாக வளரும் சோவாந்தஸ் வகைகளில் இந்தப் பெயர்ப் பெருக்கம் உச்சத்தில் இருக்கிறது. வட்டின் நிறம், வாய்ச்சுற்றின் நிறம், ஓரப் பாவாடையின் நிறம் என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரே கூட்டத்தின் இரண்டு பாலிப்புகள் ஒளி மாறுபட்டதால் வேறுபட்டு நின்றபோது, இரண்டு பெயர்களில் பிரித்துக் கொடுக்கப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே வணிகப் பெயரை நான் எழுதுகிறேன், ஆனால் மேற்கோள் குறிக்குள், யார் சொன்ன பெயர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கொடுத்தவர் பெயர் சொல்லாத துண்டுக்கு, எவ்வளவு ஒத்திருந்தாலும், நானாக ஒரு வணிகப் பெயரைச் சூட்டுவதில்லை.

வழக்குப் பெயரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் 'பவளம்' என்ற ஒரே சொல், கழுத்துமாலையின் செம்மணியையும் தொட்டியிலுள்ள அத்தனையையும் குறித்துவிடுகிறது; அந்தச் செம்மணி தரும் கோரல்லியமோ எட்டு உணரிழைகள் கொண்ட தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. வழக்குப் பெயர் எவ்வளவு அகலமாக விரியும் என்பதற்கு இது போதும். எனினும் ஓரிடத்தில் வழக்குப் பெயர் அறிவியல் பெயருக்கு நிகராக நிற்கிறது. சுத்தியல் பவளத்தை 'கிளைச் சுத்தியல்', 'சுவர்ச் சுத்தியல்' என்று வளர்ப்பாளர்கள் பிரிப்பது பாராஆங்கோரா, ஆங்கோரா என்ற இரண்டு இனங்களின் பிரிவோடு பொருந்தி வருகிறது. கிளையுள்ளதில் தண்டுகள் தனித்தனியாக இருப்பதால் தசையைத் தொடாமலே வெட்டிப் பிரிக்கலாம். சுவர்போல் தொடர்ந்து வளர்வதை வெட்டினால் உயிருள்ள தசையை அறுத்தே ஆக வேண்டும்; காயம் அழுகி முழுத் துண்டையும் இழக்கவும் கூடும்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அக்ரோபோராவுக்குச் சுண்ணக்கூடு இல்லாமல் இனம் சொல்ல முடியாது என்றேன். இங்கோ நிலைமை தலைகீழ். ஆங்கோராவையும் டிவைசாவையும், அதாவது சுத்தியலையும் தவளைமுட்டைப் பவளத்தையும், கூட்டை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது. நீரில் விரிந்து நிற்கும் உணரிழையின் நுனி நங்கூரம்போல் வளைந்திருக்கிறதா, கிளைத்துக் குமிழ்களாக முடிகிறதா என்பதே அடையாளம். 2017இல் இவ்விரண்டும் யூஃபிலியாவிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபிம்ப்ரியாஃபிலியாவுக்கு மாற்றப்பட்டன. டார்ச் பவளம் மட்டும் யூஃபிலியாவிலேயே நின்றது. சுத்தியலும் தவளைமுட்டையும் பொதுவாக ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும், டார்ச்சைப் பக்கத்தில் வைத்தால் மற்ற இரண்டையும் கொட்டிக் கருக்கிவிடும் என்பதைத் தொட்டி வைத்திருந்தவர்கள் அந்த மாற்றத்துக்கு முன்பே அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பேரினப் பெயர் வெறும் நூல்விவகாரம் அல்ல, ரேக்கில் எதற்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையும் சொல்கிறது என்று எனக்குப் புரியவைத்தது இதுதான்.

பேரினம் வரை செல்வது பெரும்பாலான துண்டுகளில் நம் கைக்கு எட்டும் வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸும், பம்பை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்கும் மனமும் போதும். பூப்போல் நீண்டு விரியும் பாலிப்பில் உணரிழைகளை எண்ணினால், இருபத்து நான்கு இருப்பது கோனியோபோரா, பன்னிரண்டு இருப்பது அல்வியோபோரா. தேன்கூடுபோல் அடுத்தடுத்த கோரலைட்டுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்டீஸ். ஒவ்வொன்றும் தனிச் சுவரோடு, இடையில் ஒரு பள்ளம் விட்டு நின்றால் டிப்சாஸ்ட்ரியா. கிளை முழுதும் மரு மருவாகப் புடைத்திருந்தால் போசிலோபோரா. கோரலைட்டுக்கு மேல் சிறு கூரைபோல் மூடியிருந்தால் ஸ்டைலோஃபோரா. கோரலைட்டுகள் கிளையின் நெடுக வரிசை பிடித்து நின்றால் சீரியாடோபோரா. கிளையின் நுனியில் தனியாக ஓர் அச்சுக் கோரலைட் இருந்தால் அக்ரோபோரா. மான்டிபோராவுக்கு அது கிடையாது. விதிவிலக்குகள் உண்டு, ஐயத்துக்குரிய துண்டுகளும் வரும். காளான் பவளங்களில் எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். ஆயினும் இனப்பெயரில் பத்துக்கு ஒன்று உறுதியாகத் தேறாத இடத்தில், பேரினத்தில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன.

பேரினத்தோடு நிற்பதை அரைகுறை வேலை என்று எண்ணத் தேவையில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, கல்பவளங்கள் அனைத்தையும் தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த உடன்படிக்கையே, இனம் பிரித்தறிவது கடினம் என்று ஏற்றுக்கொண்ட பவளங்களுக்கு, அனுமதிச் சீட்டில் பேரினப் பெயர் மட்டும் எழுதுவதை ஒப்புக்கொள்கிறது. ஆய்வகங்களில் உலகெங்கும் பயன்படும் டிஎஸ்ரெட் என்ற சிவப்பு ஒளிர்புரதமும் 1999இல் வெளியானபோது 'டிஸ்கோசோமா இனம்' என்று, காளான் பவளம் ஒன்றின் பேரின அளவிலேயே குறிக்கப்பட்டது.

பாதுகாப்புக்கும் பேரினமே முதல் அளவுகோல். பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு 1971இல் ஹவாய்த் தீவுகளில், சோவாந்தஸை ஒத்த பாலிதோவா என்ற பேரினத்தின் ஓர் உயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கவர்ச்சியான வணிகப் பெயரோடு வரும் பாலிப்புக் கூட்டம் சோவாந்தஸா பாலிதோவாவா என்று அந்தப் பெயர் சொல்லாது. பாலிதோவா தன் தசைக்குள் மணல் துகள்களைப் பதித்துக்கொள்வதால், லென்ஸில் பார்த்தால் தண்டில் மணற்பரு தெரியும். சோவாந்தஸில் அது இருக்காது. ஐயம் இருக்கும்வரை பாலிதோவா என்றே எழுதி, கையுறையும் கண்கவசமும் இல்லாமல் வெட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் கொதிநீரில் போடக் கூடாது; ஆவியோடு கலந்த நஞ்சை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

இனி எண். என் குறிப்பேட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: 'அக்-14. அக்ரோபோரா. "…" என்று கொடுத்தவர் சொன்னார்.' அதன்கீழ் வந்த நாள், யாரிடமிருந்து, அவருக்கு யாரிடமிருந்து, தாய்க் காலனியை நான் பார்த்தேனா என்பவை. அதோடு ஒரு படம்: நீல விளக்கை அணைத்து, பகலொளியை ஒத்த 6500 கெல்வின் வெண்ணொளியில், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. அக்-14இலிருந்து வெட்டிய துண்டுகள் அக்-14-1, அக்-14-2 என்று தொடரும். நண்பருக்குக் கொடுக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுப்பேன். பேரினம் மாறினாலும் எண் மாறாது. யூஃபிலியா என்று நான் எழுதியிருந்தவை ஃபிம்ப்ரியாஃபிலியா ஆனபோது ஒரு சொல்லை அடித்துத் திருத்தியதோடு வேலை முடிந்தது. எண்ணைப் பிளக்கின் அடிப்புறத்தில், ஒட்டுவதற்கு முன், கூர்முனையால் கீறிவிடுவது நல்லது. மையால் எழுதிய எண்களை ஊதாநிறச் சுண்ணப்பாசி சில மாதங்களில் மூடிவிட்டது. கத்தியால் சுரண்டிச் சுரண்டி, அது ஏழா ஒன்றா என்று தெரியாமல் நான் இரண்டு துண்டுகளின் வழியை இழந்திருக்கிறேன். இனப்பெயரை என்றாவது ஒருநாள் ஆராய்ந்து கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. வழி ஒருமுறை தொலைந்தால் அதை எந்த நூலும் திருப்பித் தராது. எண்ணை எல்லாவற்றுக்கும் முன்னே வைப்பதற்கு இதுவே காரணம்.

எல்லோருக்கும் இந்த அளவு பதிவு தேவைப்படாது. பத்துப் பன்னிரண்டு துண்டுகளோடு, யாருக்கும் கொடுக்காமல் வளர்ப்பவருக்குப் பேரினமும் வந்த நாளும் போதும். துண்டு மாற்றிக்கொள்பவருக்கு எண் இன்றியமையாதது. விற்பவர் மேற்கோள் குறியின்றி வணிகப் பெயரையோ, ஆதாரமின்றி இனப்பெயரையோ எழுதக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வாங்குபவர் அந்தச் சொல்லைத்தான் அடுத்தவருக்குக் கடத்துவார்.

அக்-14 இப்போது இரண்டு கைகளால் அணைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சென்ற மாதம் பாறை சரிந்ததில் அதன் ஒரு கிளை முறிந்தது. முறிந்ததில் பாதியைப் பிளக்கில் ஒட்டிவிட்டு, மறுபாதியை பிளீச்சில் ஊறவைத்துக் காயவைத்தேன். வெண்மையாகிவிட்ட அந்தக் கிளையை லென்ஸின்கீழ் வைத்து, பக்கவாட்டுக் கோரலைட்டுகளின் உதட்டு வடிவத்தையும் அச்சுக் கோரலைட்டின் விட்டத்தையும் நூலோடு ஒப்பிட்டு இரண்டு மாலைகளைக் கழித்தேன். இரண்டு இனங்கள் வரை குறுக்க முடிந்தது. அவை வாழும் கடல்கள் வேறு வேறு. என் துண்டு எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அதைக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. இரண்டு பெயர்களையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி, காய்ந்த கிளையை உறையிலிட்டு அதே பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். மையால் எழுதிய வரியில் இன்னும் 'அக்ரோபோரா' என்றுதான் இருக்கிறது.